தளும்பாத டேங்க்

செஞ்சி கூட்டு ரோட்டில் ஒரு எருமை குறுக்கே வந்தது. விநாயகம் சட்டென்று பிரேக்கைப் பிடித்தான். வண்டி நின்றுவிட்டது. டேங்க்கில் இருந்த பெட்ரோல் மட்டும் நிற்கவில்லை. முன்னால் போய் மோதி, பின்னால் வந்து மோதி, 'களக்... களக்...' என்று நாலைந்து தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது.

பின் சீட்டில் இருந்த முருகையன் எச்சிலை விழுங்கினார். மகனின் முதுகில் கன்னத்தைச் சாய்த்திருந்ததால், அவர் தொண்டை ஏறி இறங்கியது விநாயகத்துக்கு முதுகுத்தண்டிலேயே தெரிந்தது.

"டேய், கேட்டியா?" என்றார்.

"இன்னா நைனா?"

"டேங்க்குல. தண்ணி மாதிரியே..."

"நைனா! அந்தப் பேச்சே வாணாம்னு சொன்னனா இல்லியா?"

முருகையன் வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை வியாதி இரண்டு கிட்னியையும் தின்று முடித்து ஏழு மாதமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் விழுப்புரத்துக்குப் போய், நாலு மணி நேரம் மிஷினோடு படுத்திருந்து, உடம்பில் சேர்ந்த நீரை எடுத்துவிட்டு வர வேண்டும். மூத்திரம் நின்றுபோன மனிதருக்கு அதைத் தவிர வேறு வடிகால் கிடையாது. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீ, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்த அரை லிட்டருக்குள் அடக்கம். மிஞ்சினால் அது நுரையீரலில் போய் நிற்கும். அப்புறம் மூச்சு நிற்கும்.

கரும்புக் கொல்லையில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்துப் பழகியவர் முருகையன். இப்போது அவருக்கு மருமகள் மணிமொழி இருமல் மருந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

விநாயகத்துக்கு நெல் மண்டியில் எடை போடும் வேலை. கிராம் பிசகாத கை. அப்பாவின் உயிர் இப்போது எடைக் கணக்கில் இருக்கிறது என்றதும் அவன் வீட்டையே மண்டியாக்கிவிட்டான். தண்ணீர்க் குடம் உள் அறைக்குப் போய் பூட்டுக்குள் இருந்தது. டிவியில் கூல்டிரிங்ஸ் விளம்பரம் வந்தால் சேனலை மாற்ற வேண்டும். 'தண்ணி' என்ற சொல்லையே வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. "குழாயில அது வந்துடுச்சிங்க" என்பாள் மணிமொழி. ஒரு தடவை முருகையன் பக்கத்து வீட்டு வாசலில் வாளியைப் பார்த்தபடி நின்றதற்கு, தெருவே பார்க்க விநாயகம் கத்தித் தீர்த்துவிட்டான். "சாவணும்னே ஆசப்படறியா நைனா?" என்று கேட்டும் விட்டான். அதற்கப்புறம் முருகையன் எதையும் கேட்பதில்லை.

இவ்வளவு பந்தோபஸ்து பண்ணியும், போக வர எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரம் அப்பாவின் காதுக்குக் கீழே தண்ணீர்ச் சத்தத்தை நாமே தூக்கிக்கொண்டு போகிறோம் என்பது அந்த எருமையால்தான் விநாயகத்துக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அவன் கவனித்தான். வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'களக்'. ஒரு விழுங்கல். பள்ளத்தில் விழுந்தால் 'களக், களக்'. இரண்டு விழுங்கல். நடுவே ஒரு முனகல் வேறு.

தாகத்தில் வாடும் மனுஷனை இப்படியா வதைப்பது? வண்டியை ஓட்டிக்கொண்டே விநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பஸ்ல போயிடலாமா நைனா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"வாணாம்" என்றார் முருகையன் அவசரமாக. "பஸ்ஸுல கொமட்டும். வண்டிதான் சவுரியம்."

"அந்தச் சத்தம்..."

"அதத்தான்டா நானும் சொல்ல வந்தேன். அந்தச் சத்தம்..."

"தெரியும் நைனா. நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நான் பாத்துக்கறேன்."

முதலில் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தான். முருகையன் ஊர் எல்லை தாண்டியதும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கேட்டால், "பின்னால லாரி வந்தா தெரிய வாணாமா?" என்றார். ஓட்டுகிறவன் காதில் பஞ்சு இல்லையே என்று விநாயகம் சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை.

மெக்கானிக் தனகோட்டியிடம் போனான். இருபது வருஷமாக அந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவன்.

"டேங்க்கு தளும்பறதுக்கெல்லாம் எவன்டா ரிப்பேருக்கு வருவான்?" என்று சிரித்தான் தனகோட்டி. "பாதி இருந்தா ஆடத்தான் செய்யும். வாய் வரைக்கும் நெரப்பிக்கோ. ஆட எடம் ஏது?"

நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை காலை பங்க்கில், "போதும் அண்ணே, இதுக்கு மேல போடக் கூடாது" என்று சொன்னவரைக் கெஞ்சி, வண்டியை ஆட்டிக் காற்றை வெளியேற்றி, மூடி தொடும் வரை நிரப்பினான். வண்டி ஊமையாகிவிட்டது.

இரண்டு வேகத்தடை தாண்டியதும் முருகையன் முதுகிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இன்னாடா, சத்தத்தக் காணோம்?"

"பாத்தியா நைனா!" என்றான் விநாயகம் பெருமையாக.

அவர் மறுபடியும் கன்னத்தை முதுகில் அழுத்தி வைத்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று விநாயகம் நினைத்துக்கொண்டான்.

சித்திரை வெயில். வழியில் அவர் கால் மரத்துப்போனது என்று ஒரு புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார்கள். நிழல் அவருக்குத்தான் கிடைத்தது, வண்டிக்குக் கிடைக்கவில்லை. சூடேறிய பெட்ரோல் மூடி வழியாகக் கசிந்து, டேங்க்கில் வழிந்து, சீட்டு முழுக்க ஊறிவிட்டது. அதைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார் முருகையன். மூன்று கிலோமீட்டர் போனதும், "பின்னால எரியுதுடா!" என்று அலறினார்.

டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியன் ஜெயஸ்ரீ வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"இன்னாங்க இது, பெட்ரோல் பங்க்கையே கட்டிக்கினு வந்த மாதிரி நாறுது? உள்ள ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குது. எல்லாரையும் சேத்து அனுப்பறதுக்கா?"

முருகையனை பாத்ரூமுக்குள் அனுப்பி, இடுப்புக்குக் கீழே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். குழாயில் வாய் வைத்துவிடக் கூடாதே என்று ஜெயஸ்ரீ வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம், "தாத்தா, பேசிக்கினே கழுவுங்க" என்று குரல் கொடுத்தாள். வாய் பேசினால் குடிக்க முடியாதல்லவா? உள்ளேயிருந்து முருகையன் தன் கல்யாணக் கதையைச் சொன்னார். பிறகு வெந்து போன தொடையோடு, பச்சை அங்கியில், நாலு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

விநாயகம் பாடம் கற்றுக்கொண்டான். நிரப்பினால்தானே வம்பு? தளும்புகிற அளவுக்கே இல்லாமல், போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஊற்றினால்?

செவ்வாய்க்கிழமை அப்படியே செய்தான். அடியில் கொஞ்சூண்டு. பாதி வழியில் முருகையன், "பனமலை ஏரி வழியா போடா" என்றார்.

"அந்த ரோடு குண்டும் குழியுமா கெடக்குது நைனா. எலும்பு கழண்டுடும்."

"பரவால்ல, போ."

கடைசியாக ஒரு தடவை ஏரித் தண்ணீரையாவது கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார் என்று விநாயகம் நினைத்துக்கொண்டான். திருப்பினான். அந்தச் சுற்று வழியை அவன் பெட்ரோல் கணக்கில் சேர்க்கவில்லை. ஏரிக்கரையில் ஆள் அரவமில்லாத இடத்தில் வண்டி இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

பெட்ரோல் தீர்ந்தால் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். வண்டியை ஒரு பக்கமாகத் தரையோடு தரையாகச் சாய்த்து, அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் மிச்சத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தான். 'களக்' என்றது டேங்க். கரையில் குந்தியிருந்த முருகையன் சட்டென்று எழுந்து கிட்டே வந்தார்.

"இன்னொரு வாட்டி சாய்டா."

சாய்த்தான். களக்.

"இன்னும் ஒரு வாட்டி."

"போதும் நைனா, வந்துடுச்சி."

"நல்லா வரட்டும்டா. சாய்."

இந்த நிலைமையிலும் உதவி பண்ணப் பார்க்கிறாரே என்று விநாயகம் ஆறேழு முறை சாய்த்துக் காட்டினான். ஏரியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பி அரைக் கிலோமீட்டரில் மறுபடியும் நின்றது. ஒரு டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்து ஊருக்குள் விட்டார். சென்டருக்குப் போய்ச் சேரும்போது ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டே முக்கா மணி நேரந்தான் போட முடியும்" என்றாள் ஜெயஸ்ரீ. "மிச்ச நீர் உடம்புலயேதான் இருக்கும். மருந்து மூடியில அளந்து குடுத்துட்டு, ஒரு கிலோவ உடம்புலயே தூக்கிக்கினு போறீங்களே, இது இன்னா கணக்கு சார்?"

எடை போடுகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்டது அவனுக்கு மிகவும் வலித்தது. அன்று சாயந்தரம் முருகையன் நாலு படி ஏறுவதற்கு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். மணிமொழி கதவோரம் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, அந்தச் சத்தத்த விட்டுட்டு வேற வேலையப் பாருங்களேன்" என்றாள்.

"நீ அவர் தொண்ட ஏறி எறங்கறதப் பாத்தியா? நான் முதுகுல தாங்கறேன்டி."

மறுபடியும் தனகோட்டி. அவன் இந்த முறை சிரிக்கவில்லை. அவனுக்கும் முருகையனைத் தெரியும்.

"ரேஸ் வண்டி டேங்க்குக்குள்ள ஸ்பாஞ்சு அடச்சி வப்பாங்களாம். அதுக்குள்ள பெட்ரோல் ஊறி நிக்கும், அலையாது. ஆனா அது தனி ஸ்பாஞ்சுடா. இங்க எங்க கெடைக்கும்?"

கடைசி இரண்டு வாக்கியங்கள் விநாயகத்தின் காதில் ஏறவில்லை. கடைத்தெரு மெத்தைக் கடையில் ஒரு பாளம் ஸ்பாஞ்சு வாங்கி, விரல் விரலாக நறுக்கி, மூடி வழியாக ஒவ்வொன்றாகத் திணித்தான். நல்லெண்ணெயில் தோசை ஊறுகிற மாதிரி அவை ஊறின. புதன்கிழமை முழுக்க ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை.

வியாழக்கிழமை காலை வண்டியிலும் சத்தமில்லை. உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியது. தனகோட்டி வந்து கார்பரேட்டரைக் கழற்றினான். உள்ளிருந்து மஞ்சளாக, கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று வழிந்தது.

"மெத்த ஸ்பாஞ்சு பெட்ரோல்ல கரஞ்சிடும்டா! தனி ஸ்பாஞ்சுன்னு அப்பவே சொன்னனே!"

வேறு வழியில்லை, பஸ்ஸில் ஏறினார்கள். எதிர் சீட்டில் ஒரு காலேஜ் பெண் ஜில்லென்று வியர்த்திருந்த பாட்டிலைத் திறந்து, செஞ்சியிலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டு வந்தாள். விநாயகம் அப்பாவின் முகத்துக்கு நேரே துண்டை விரித்துப் பிடித்தான். கண்டக்டர் வந்து, "பெரியவருக்கு இன்னா, முடியலயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிணத்தை மூடுகிற மாதிரி இருந்தது போலிருக்கிறது. துண்டுக்குப் பின்னால் காற்றில்லாமல் முருகையன் குமட்டி, அதே துண்டில் வாந்தி எடுத்தார்.

இறங்கியபோது அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், எனக்கு அந்த வண்டியே போதும்டா. பழைய மாதிரியே இருக்கட்டும். ஒண்ணும் பண்ணாத. அந்த சத்தம் எனக்கு..."

"எனக்குத் தெரியும் நைனா" என்றான் விநாயகம். "எனக்காக நீ சகிச்சிக்க வாணாம்."

தனகோட்டிதான் கடைசி வழியைக் கண்டுபிடித்தான். பால் டேங்கர் லாரிக்குள்ளே நடுவில் நடுவில் தகடு வைத்துத் தடுத்திருப்பார்கள். தகட்டில் ஓட்டை இருக்கும். பால் மெதுவாக நகரும், அலை அடிக்காது. அதே மாதிரி பைக் டேங்க்கின் அடியை அறுத்து, உள்ளே மூன்று தகட்டை வெல்டிங்கில் பற்ற வைத்துவிட்டால் தீர்ந்தது.

டேங்க்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பத்துத் தடவை கழுவி, வெயிலில் காய வைத்தான். அப்படியும் எந்த மூலையிலோ கொஞ்சம் பெட்ரோல் ஆவி ஒளிந்திருந்தது. பற்ற வைக்கிற நெருப்பு பட்டதும் 'பொம்' என்று ஒரு சத்தம். தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். புகை விலகியபோது தனகோட்டிக்கு இரண்டு புருவமும் மீசையில் ஒரு பாதியும் இல்லை.

"உயிர் இருக்குதாடா?" என்று கேட்டான் விநாயகம்.

"எனக்கு இருக்குது. உங்க நைனாவுக்காகத்தான் பொறுத்துக்கறேன்" என்றான் தனகோட்டி. மிச்சப் பாதி மீசையையும் மழித்துவிட்டு வந்து வேலையை முடித்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை. வேகத்தடைகளில் வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது. பிரேக் பிடித்தாலும் முன்னைப்போல் தள்ளவில்லை. பாதி டேங்க் பெட்ரோல் இருந்தும் ஒரு 'களக்' கிடையாது. விநாயகம் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டான். மௌனம்.

"பெட்ரோல் இருக்குதாடா?" என்று கேட்டார் முருகையன்.

"பாதி இருக்குது நைனா. சத்தந்தான் வராது. இனிமே எப்பவும் வராது."

"எப்பவுமா?"

"டேங்க்க மாத்தினாத்தான் உண்டு. தனகோட்டி அப்படி வேல பண்ணியிருக்கான்."

முருகையன் மகன் முதுகில் சாய்ந்திருந்த கன்னத்தை எடுத்துவிட்டார். போகும்போதும் சாயவில்லை, வரும்போதும் சாயவில்லை. தெம்பு வந்துவிட்டது என்று விநாயகம் வீட்டில் சொன்னான். அன்று மணிமொழி இனிப்பைக் குறைத்துப் பாயசம் வைத்து, இரண்டு மூடி அவருக்குக் கொடுத்தாள். அவர் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"நான் வரல" என்றார் முருகையன்.

"இன்னா நைனா?"

"போதும்டா. வுட்டுடு."

கெஞ்சினான். கத்தினான். மணிமொழி காலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, போலன்னா இன்னா ஆவும்னு தெரியுமா?" என்று அழுதாள்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை காலையில் முகம் வீங்கிக் கண் இரண்டும் கீறலாகிவிட்டன. காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தார்கள். மண்டியில் மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் நின்றிருந்தான் விநாயகம். எல்லாவற்றையும் சரி பண்ணிய பிறகு அப்பா ஏன் சாக முடிவு பண்ணினார் என்பது அவனுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை அவருக்கு மறுப்பதற்கே தெம்பில்லாமல் போனபோது, பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். எடை மேடையில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார்கள். ஏழு கிலோ கூடியிருந்தது. ஜெயஸ்ரீ திட்டக்கூட இல்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி, மிஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்து, "தப்பிச்சிட்டாரு" என்றார் டாக்டர். "இனிமே ஒரு நாள்கூட உடக் கூடாது."

முருகையன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். விநாயகம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பக்கத்துக் கட்டிலில் ரத்தினம்மாள் மிஷினோடு படுத்திருந்தார். விக்கிரவாண்டிப் பக்கத்து அம்மா. முருகையனுக்கு ஏழு மாதமாகப் பேச்சுத் துணை.

"எங்க தம்பி, ரெண்டு வாட்டியா ஆளக் காணோம்?" என்றார் ரத்தினம்மாள். "நான் அவ்வளவுதான்னு நெனச்சி அழுதுட்டேன்."

யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவனுக்கு அது போதுமாக இருந்தது. பஞ்சு, கசிந்த பெட்ரோல், ஏரிக்கரை, ஸ்பாஞ்சு, தனகோட்டியின் மீசை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"தாகத்துல கெடக்கற மனுசன் காதுல அந்தச் சத்தம் விழக் கூடாதுன்னு டேங்க்கையே அறுத்து அடச்சிட்டேம்மா. இதுக்கு மேல ஒரு புள்ள இன்னா பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க?"

ரத்தினம்மாள் ஊசி குத்திய கையை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அடப்பாவி! காதால குடிச்சா வெயிட் ஏறாதுன்னு இந்த மனுசன் சொல்லித்தானடா, நானும் ஆட்டோவ வுட்டுட்டு, எம்புள்ள பைக்குல அர டேங்க்கு மட்டும் போடச் சொல்லி, அவன் முதுகுல காத வச்சிக்கினு வரேன்!"